மாலா மாமி ஆற்றைக் கடந்த சனிக்கிழமை

மகன்,

ஞாயிற்றுக்கிழமை நீ வந்து பெல் அடித்தபோது நாங்கள் இரண்டு பேரும் வீட்டில்தான் இருந்தோம். நான் மேல் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று உன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கையில் கட்டுப் போட்டிருந்ததால் இடது கையால் பெல்லை அழுத்தினாய். படி இறங்கப் போன அம்மாவின் தோளைப் பிடித்து நிறுத்தினேன். "பிள்ளை குளிருக்குள்ள நிக்கிறான்" என்றாள். "நிக்கட்டும்" என்றேன். நீ காருக்குத் திரும்பிப் போய், கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்துவிட்டு ஓட்டிக்கொண்டு போனாய். அன்று உன்னை நேருக்கு நேர் பார்த்திருந்தால் ஒன்று கட்டிப்பிடித்திருப்பேன், அல்லது அறைந்திருப்பேன். இரண்டுமே பிழையாகத்தான் முடிந்திருக்கும். அதனால் எழுதுகிறேன். நிலானியின் கழுத்தில் நீ தாலி கட்டுவதற்கு இன்னும் சில கிழமைகள்தான் இருக்கின்றன. அதற்குள் நீ இதை வாசித்துவிட வேண்டும்.

டூட்டிங் கடைத்தெருவில் வெள்ளிக்கிழமை நடந்ததை எனக்கு முதலில் சொன்னவர் மரக்கறிக் கடைக்காரர். அடுத்த நாள் காலை முருங்கைக்காய் வாங்கப் போயிருந்தேன். "அண்ணை, உங்கட மகன் சிங்கம்! நிலானியைப் பற்றி ஒருத்தன் என்னவோ சொன்னானாம், அவன்ர தாடையை உடைச்சுப் போட்டான்" என்று சொல்லிவிட்டு, பையில் கேட்காமலே ஒரு பிடி கறிவேப்பிலை வைத்தார். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் தான் நேரில் பார்த்ததாகச் சொன்னார். முதல் குத்திலேயே அந்தப் பெடியன் விழுந்துவிட்டானாம். நீ அவன் தலைமயிரைப் பிடித்துத் தூக்கி, பூட்டியிருந்த கடையின் இரும்புக் கதவில் மோதினாயாம். பிறகு நடைபாதையில் போட்டு உதைத்தாயாம். எத்தனை உதை என்பதில் அவருக்கும் பக்கத்தில் நின்றவருக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. கிரிக்கெட் ஸ்கோர் பேசுவதுபோல் பேசினார்கள். "நிலானி என்ன செய்தவ?" என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவளை அங்கே யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

இதை நீ எங்கே படித்தாய் என்று எனக்குத் தெரியும். கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் நாங்கள் கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்த காலம், நீ அப்போது அம்மாவின் இடுப்பளவு உயரம். ஒரு சனிக்கிழமை சாமான் வாங்கிக்கொண்டு மூன்று பேரும் நடந்து வருகிறோம். மொட்டை அடித்த மூன்று வெள்ளைக்காரப் பெடியங்கள் வழி மறித்தார்கள். ஒருவன் அம்மாவின் முகத்தில் துப்பினான். மற்றவன் அவள் பின்னலைப் பிடித்து இழுத்ததில் அவள் முழங்காலில் விழுந்தாள். என் கையில் மீன் டின்கள் நிறைந்த பை. அதைச் சுழற்றி அடித்தேன். பின்னலைப் பிடித்தவனின் காதுக்கு மேலே பட்டு, அவன் மதிலோடு சரிந்தான். மற்ற இருவரும் ஓடினார்கள். இந்தக் கதையை உன் ஒவ்வொரு பிறந்தநாளிலும் வந்தவர்களுக்குச் சொன்னேன். நீ சோபாவில் ஏறி நின்று, தலையணை உறையைச் சுழற்றி அடித்துக் காட்டுவாய். எல்லோரும் கை தட்டுவார்கள். அம்மா ஒருநாளும் இந்தக் கதையைச் சொன்னதில்லை, கவனித்திருக்கிறாயா? கதை தொடங்கியதும் தேத்தண்ணி போட எழும்பிப் போய்விடுவாள்.

அந்தக் கதையில் நான் வீரன். இப்போது சொல்லப்போகும் கதையை ஒரு பிறந்தநாளிலும் சொல்லவில்லை. நீ ஏ-லெவல் படித்துக்கொண்டிருந்த வருடம் நான் ஹாங்காங்குக்கு மாலா மாமியைப் பார்க்கப் போனது உனக்கு நினைவிருக்கும். உனக்கு ஒரு தோல் ஜாக்கெட் கொண்டுவரச் சொல்லிவிட்டிருந்தாய். நான் வெறுங்கையோடு வந்து, பெட்டி விமானத்தில் தொலைந்துவிட்டது என்றேன். பெட்டி தொலையவில்லை.

மாலா எனக்கு ஒரே தங்கை. கொழும்பில் பேசிச் செய்த கலியாணம். மாப்பிள்ளை தவராசா ஹாங்காங்கில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்காளர். மெல்லிய குரல், தேய்த்த சட்டை, சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைக்கும் பழக்கம். அவனைப் போல ஒரு மனிதன் நமக்குக் கிடைத்ததே என்று நான் உன் அம்மாவிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். நான் போய் இறங்கிய கிழமையே அவன் சொன்னான்: "மச்சான், சனி ஞாயிறு ஷென்சென் போவம். எல்லையைத் தாண்டினா சீனா. உடுப்பு, பெட்டி, சப்பாத்து, லண்டனுக்குக் கொண்டுபோக எல்லாம் அங்க அள்ளலாம். ஹாங்காங் சனமே கிழமைக்குக் கிழமை அங்கதான் ஓடுது." மாலாவைப் பார்த்தேன். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஓம் அண்ணை, போவம்" என்றாள். அந்தப் பார்வையை அப்போதே நான் கவனித்திருந்தேன். மரியாதை என்று நினைத்தேன்.

ரயிலில் போய் இறங்கினால் எல்லையில் ஓர் ஆறு. கறுத்த தண்ணீர், இரண்டு கரையிலும் முள்ளுக்கம்பி. கூரை போட்டு மூடிய பாலத்தின் வழியாக வெறும் பைகளை வைத்திருக்கும் சனம் நெருக்கி அடித்துக்கொண்டு அங்கே போகிறது, நிறைந்த பைகளோடு இங்கே வருகிறது. மூன்று பேருடைய பாஸ்போர்ட்டும் தவராசாவின் இடுப்புப் பைக்குள் இருந்தன. "தொலைஞ்சா கரைச்சல், என்னட்டயே இருக்கட்டும்" என்றான். அந்தப் பக்கம்தான் ஷென்சென். கொஞ்சக் காலத்துக்கு முன் வயலும் மீன் குளமுமாய் இருந்த இடமாம். நான் பார்த்தபோது வானத்தில் பறவையை விட கிரேன் அதிகம். மூங்கில் சாரம் கட்டிய கட்டிடங்கள், தோண்டிப் போட்ட தெருக்கள், அத்திவாரத்துக்குத் தூண் அடித்து இறக்கும் இயந்திரத்தின் இடி காலுக்கடியில். எங்கெங்கோ தூரத்து ஊர்களிலிருந்து வேலை தேடி வந்த இளம் பிள்ளைகள் பாய் மூட்டையோடு நடைபாதையில் குந்தியிருந்தார்கள். வீதியைக் கடக்கும்போது ஒரு லொறிக்காரனும் ஒரு சைக்கிள்காரனும் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தார்கள். சனம் அவர்களைச் சுற்றி வழி விலகிப் போனது. ஆற்றில் கல் கிடந்தால் தண்ணீர் விலகுவதுபோல.

சந்தை நான்கு மாடி. மூன்றாவது மாடி முழுவதும் பெட்டியும் தோல் சாமானும். அங்கேதான் எனக்கு ஓர் ஆச்சரியம். மாலா சீனம் பேசினாள்! ஹாங்காங் மீன் சந்தையிலும் லிஃப்ட்டிலும் அயல் பெண்களிடமும் பழகிய கந்தோனிய மொழி. தவராசா அலுவலகத்தில் இங்கிலீஷில் காலம் தள்ளியவன், நாலு சொல்லுக்கு மேல் தெரியாது. மாலா ஒரு பெட்டியைத் திறந்து மூடி, கடைக்காரப் பெண்ணிடம் ஏதோ கேட்டாள். அவள் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நான் வந்ததிலிருந்து மாலா சிரித்ததை அப்போதுதான் கேட்டேன்.

"என்ன சொல்லிச் சிரிச்சனி?" தவராசாவின் குரல் வழமைபோல் மெதுவாகத்தான் இருந்தது.

"ஒண்டுமில்லை. பூட்டு நல்ல பூட்டாம், தனக்கே சிலவேளை திறக்க வராதாம் எண்டு பகிடியா..."

"என்னைப் பற்றித்தானே சொன்னனி?"

"இல்லையப்பா. சத்தியமா இல்லை."

அவன் புறங்கையால் அவள் முகத்தில் அடித்தான். அவள் கைப்பைகள் குவித்திருந்த மேசையில் சரிந்தாள். தலைக்கு மேலே கொக்கியில் தொங்கிய தோல் பெல்ட் ஒன்றை அவன் உருவி எடுத்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை, மகன். கோப்பை கழுவும்போது இருந்த அதே முகம். பெல்ட் முதல் தரம் இறங்குவதற்கு முன்பே அவள் இடது முன்கையை உயர்த்தி, முகத்தைத் தோளுக்குள் புதைத்து, முதுகைத் திருப்பிவிட்டாள். சத்தமே போடவில்லை. எந்தப் பக்கம் திரும்பினால் குறைய நோகும் என்று அந்த உடம்புக்குத் தெரிந்திருந்தது. அதைப் பார்த்த கணத்தில்தான் அந்த வீட்டின் இத்தனை வருடமும் எனக்கு விளங்கியது.

நான் அவன் கழுத்தைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். திரும்பியவனின் மூக்கில் குத்தினேன். எலும்பு நொறுங்குவது என் விரல்களுக்குத் தெரிந்தது. அவன் விழுந்தான். கீழே விழுந்து, கையைக் கூப்பி, "மச்சான், மச்சான்" என்றான். அங்கே நான் நிறுத்தியிருக்கலாம். ஏலாமல் போனது என்று நான் உனக்குப் பொய் சொல்லப்போவதில்லை. எனக்கு நிறுத்த விருப்பம் இருக்கவில்லை. அவன் நெஞ்சில் ஏறி இருந்து வாயிலும் தாடையிலும் குத்தினேன். என் முஷ்டியில் அவன் பல் வெட்டியது, அதுவும் சுகமாக இருந்தது. ஒரு பெட்டியைத் தூக்கி அதன் மூலையால் அவன் தோளில் போட்டேன். பெல்ட் பிடித்த கையைத் தரையில் வைத்துச் சப்பாத்தால் மிதித்தேன். வெள்ளைக் கைப்பைகளில் எல்லாம் இரத்தம் தெறித்திருந்தது. கடைக்காரப் பெண் அலறினாள். எனக்குப் பின்னால் மாலா "அண்ணை காணும், போதும்! அண்ணை, செத்துப் போவார், விடுங்கோ!" என்று கத்தியது ஏதோ தூரத்துச் சத்தமாய்க் கேட்டது. யாரோ என் கையைப் பிடித்தார்கள். நான் திரும்பிப் பார்க்காமலே முழங்கையை வீசினேன். முழங்கையில் ஏதோ மெத்தென்று பட்டது. யாரென்று பார்க்காமல் இன்னும் இரண்டு குத்துக் குத்தினேன். பிறகுதான் பார்த்தேன். மாலா தரையில் இருந்தாள். கீழ் உதடு இரண்டாகப் பிளந்து, நாடியால் இரத்தம் வடிந்து சட்டைக் கழுத்தை நனைத்துக்கொண்டிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, இடது முன்கையை உயர்த்தினாள்.

பொலிஸ் வந்து எங்களை ஒரு ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனது. சுண்ணாம்பு அடித்த அறை, நீண்ட மேசை. ஒரு மர வாங்கில் என்னையும், எதிர் வாங்கில் மூக்கில் பஞ்சு வைத்த தவராசாவையும் இருத்தினார்கள். நடுவில் மாலா. அங்கே இருந்தவர்களில் வயதான ஓர் அதிகாரிக்குத்தான் கந்தோனிய மொழி வரும். இங்கிலீஷ் ஒருவருக்கும் தெரியாது. ஆகவே எங்கள் மூன்று பேருக்கும் வாய் என்று இருந்தது அவள் ஒருத்திக்குத்தான், அதுவும் கிழிந்த வாய். அதிகாரி கேட்டார். தவராசா வீங்கிய வாயால் தமிழில் சொன்னான்: "உன்ர அண்ணன்தான் காரணமில்லாம அடிச்சவன் எண்டு சொல்லு. இல்லாட்டி வீட்ட போய்த் தெரியும்." நான் சொன்னேன்: "உள்ளதைச் சொல்லு மாலா. நான் உனக்காகத்தான் அடிச்சனான் எண்டு சொல்லு." அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்க்காமல் அந்த மனிதரிடம் பேசத் தொடங்கினாள். நீண்ட நேரம் பேசினாள். அழவில்லை. இடையில் ஒருமுறை சட்டைக் கையை மடித்துக் காட்டினாள். அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். பிறகு அவள் முகத்தைக் காட்டி ஏதோ கேட்டார். யார் இதைச் செய்தது என்று கேட்டிருக்க வேண்டும். அவள் விரல் கன்னத்தைத் தொட்டுத் தவராசாவைக் காட்டியது. பிறகு உதட்டைத் தொட்டு என்னைக் காட்டியது.

அவர் தவராசாவின் இடுப்புப் பையை மேசையில் கொட்டச் சொன்னார். விழுந்த மூன்று பாஸ்போர்ட்டில் அவளுடையதை விரித்து, படத்தையும் வீங்கிய முகத்தையும் மாறிமாறிப் பார்த்து, அவள் கையில் கொடுத்தார். அவள் எழும்பினாள். "மாலா, எங்க போறாய்?" என்றேன். நானும் எழும்பப் போக, ஒரு பொலிஸ்காரன் தோளில் கை வைத்து அமர்த்தினான். தவராசா ஒரு கெட்ட சொல்லைச் சொல்லிக் கத்தினான். அவள் கதவைத் தாண்டிப் போய்விட்டாள்.

எங்களை அடுத்த நாள் பிற்பகல்தான் விட்டார்கள். கடைக்காரிக்கு உண்டான நட்டத்துக்கு, முதல் நாள் வாங்கியிருந்த என் சாமான்களைக் கொடுத்துவிட்டேன். அவற்றில்தான் உன் ஜாக்கெட்டும் இருந்தது. ஹாங்காங்கில் மாலா என்னைச் சந்திக்கச் சம்மதித்தது ஒரு தேத்தண்ணிக் கடையில், சனம் நிறைந்த நேரத்தில், வாசலுக்குப் பக்கத்து மேசையில். உதட்டில் தையல் போட்டிருந்தாள். என்னைக் கண்டதும் கதிரையைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அந்தாளுக்கு என்ன சொன்னனி?" என்று கேட்டேன்.

"நான் ஆத்தைக் கடந்து வீட்ட போய் என்ர சாமான்களை எடுக்குமட்டும் ரெண்டு பேரையும் விடாதேங்கோ எண்டு சொன்னன்."

"ரெண்டு பேரையுமோ? நான் உன்ர அண்ணனடி. உனக்காகத்தானே அடிச்சனான்."

"அவர் விழுந்த உடன நிப்பாட்டியிருந்தா எனக்காக எண்டு நினைச்சிருப்பன், அண்ணை. நான் பக்கத்தில நிண்டு கத்தினன். நீங்கள் என்னை ஒருக்காக்கூடத் திரும்பிப் பாக்கேல்லை."

லண்டனுக்கு வா, டிக்கெட் எடுக்கிறேன், எங்களோடு இரு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "உங்கட வீட்டிலயும் நான் கதவுச் சத்தத்துக்குக் காது குடுத்துக்கொண்டு இருக்க ஏலாது" என்றாள். எனக்குக் கோபம் வந்தது, மகன். அவளுக்காக இரத்தம் சிந்தி, ஒரு நாள் பூட்டப்பட்டுக் கிடந்தவனை அந்த நாயோடு ஒரே தட்டில் வைத்துவிட்டாளே என்று கொதித்தது. மேசையில் ஓங்கி அடித்தேன். கோப்பைகள் துள்ளின. அவள் கை தானாக உயர்ந்தது. அதைப் பார்த்ததும் என் கோபம் போன இடம் தெரியவில்லை. கட்டுப் போட்ட கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். அவள் தேத்தண்ணியை உதட்டின் ஓரத்தால் குடித்து முடித்துவிட்டு எழும்பிப் போனாள்.

அவள் அங்கேயே தங்கினாள். இருக்கும் உரிமை அவள் பெயரிலேயே கிடைத்திருந்தது. சிநேகிதி ஒருத்தியின் அறையில் இருந்துகொண்டு, உடுப்பு ஏற்றுமதி செய்யும் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தாள். தாடைக்குக் கம்பி போட்டிருந்த தவராசா அங்கேயும் வந்து கண்ணாடிக் கதவை உதைத்து உடைத்திருக்கிறான். அவள் பொலிஸுக்குப் போய், கோர்ட்டுக்கும் போய், அவன் கிட்டவே வராதபடி செய்து, பிரிந்தும் விட்டாள். இதில் எதற்கும் என்னைக் கூப்பிடவில்லை. பல வருடம் போன் எடுத்தால் அம்மாவோடு மட்டும் பேசுவாள். நான் எடுத்தால் "அண்ணி இருக்கிறாவோ?" என்பாள். இப்போது என்னோடும் பேசுகிறாள். சுகம் விசாரிக்கிறாள். ஆனால் அவள் முன்னால் நான் சற்று வேகமாகக் கையை அசைத்தால் என்ன நடக்கும் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. தவராசாவை அடித்ததற்கு நான் இன்றும் வருந்தவில்லை. அந்த முதல் குத்தை மறுபடியும் குத்துவேன். அவன் கை கூப்பிய பிறகு விழுந்த ஒவ்வொரு குத்தும் என் தங்கையை என்னிடமிருந்து தள்ளிக்கொண்டு போனது. அவை யாருக்காக என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு அவள் முகம் வருவதில்லை.

உன்னிடம் நல்ல பிள்ளையாக இரு என்றெல்லாம் சொல்ல வரவில்லை. நிலானியை ஒருவன் இழிவாகப் பேசினால் நீ முன்னால் போய் நிற்க வேண்டும், நிற்காவிட்டால்தான் எனக்கு வெட்கம். ஆனால் அடுத்த முறை கை ஓங்கும்போது தலையைத் திருப்பி அவளைப் பார். அவள் எங்கே நிற்கிறாள், உன்னைப் பார்க்கிறாளா, பின்னால் போகிறாளா என்று பார். அவளுக்காகச் செய்கிற ஒன்றை அவளைப் பார்த்துக்கொண்டு செய்ய முடியாவிட்டால் அதை விட்டுவிடு.

சனிக்கிழமை மத்தியானம் நிலானி இங்கே வந்தாள். தகப்பனுக்கும் தாய்க்கும் சொல்லாமல் ஸ்ட்ரெதமில் பஸ் எடுத்துத் தனியாக வந்திருந்தாள். குசினியில் கோட்டைக் கழற்றாமலே இருந்தாள். வெள்ளிக்கிழமை உன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்ததாகச் சொன்னாள். நீ கையைத் தட்டிவிட்டாயாம். உனக்கு அது நினைவில்லாமல் இருக்கும், எனக்குத் தெரியும். அம்மா பிஸ்கட் எடுத்து வைத்தாள். அவள் தொடவில்லை. இங்கேயே பிறந்த பிள்ளை, தமிழைத் தேடித் தேடித்தான் பேசுவாள். கொஞ்ச நேரம் சொல்லைத் தேடிவிட்டுக் கேட்டாள்: "மாமா, ஒரு நாளைக்கு அவர் எனக்கும் அடிப்பாரோ?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அம்மா சிங்குக்கு முன்னால் திரும்பாமல் நின்றாள், குழாய்த் தண்ணீரை நிறுத்திவிட்டாள். "எனக்குத் தெரியேல்லைப் பிள்ளை" என்றேன். அவள் "தாங்க்யூ மாமா" என்றாள். பொய் சொல்லாததற்கு நன்றி சொல்கிறாள் என்று விளங்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. நான் உன்னிடம் கலியாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. நடத்தச் சொல்லவும் இல்லை. அவள் கேட்டதற்குப் பதில் என்னிடம் இல்லை, உன்னிடம்தான் இருக்கிறது. அதை வாயால் சொன்னால் அவள் நம்பமாட்டாள். நானும் நம்பமாட்டேன்.

நீ அடித்த அந்தப் பெடியன் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். தாடையைக் கம்பியால் கட்டி, குழாயால் பால் குடிக்கிறானாம். பொலிஸுக்கு ஒன்றும் சொல்லவில்லை. தாய் அவனுக்குப் பக்கத்தில் இருக்கிறாளாம், யாழ்ப்பாணத்தாள்தான், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். புதன்கிழமை மூன்று மணிக்குப் பார்வையாளர்களை விடுவார்கள். அவன் கட்டில் பக்கத்தில் போய் நின்று நீயே பேசு. தாய் உன்னை ஏசுவாள், ஏசட்டும், வாய் திறக்காதே. அறைந்தால் வாங்கிக்கொள். நான் இரண்டரைக்கே வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். நீ வந்தால் இரண்டு பேருமாக உள்ளே போவோம். வராவிட்டால் நான் தனியே போவேன், ஆனால் அவள் "நீங்கள் ஆர்?" என்று கேட்கும்போது நான் உன்னுடைய அப்பா என்றுதான் சொல்லுவேன்.

அப்பா